பேட்டன் என்ற சொல் எதையெல்லாம் குறிக்கிறது?

மின்சாதனக் கடையின் ரசீதில் ‘எல்இடி பேட்டன், 20 வாட்’ என்று எழுதியிருக்கிறது. கட்டடப் பொறியாளரின் வரைபடத்தில் ஓட்டுக் கூரைக்கு அடியில் ‘பேட்டன்’ என்று குறித்திருக்கிறது. படித்துக்கொண்டிருக்கும் ஆங்கில நாவலில் புயல் வருவதற்கு முன் மாலுமிகள் எதையோ ‘பேட்டன் டவுன்’ செய்கிறார்கள். அகராதியைத் திறந்தால் ‘கொழுத்தல்’ என்று இன்னொரு பொருளும் தென்படுகிறது. இவை அனைத்தும் ஒரே சொல்தானா, தமிழில் இதற்கு ஒரே சொல்லாக எதைக் கொள்ளலாம் என்பதுதான் கேட்கப்பட்ட கேள்வி.

கட்டுமானம், மின்சாரம் சார்ந்த கையேடுகளைத் தமிழாக்கும் வேலையில் பல ஆண்டுகளாக இருப்பதால் இந்தச் சொல்லோடு எனக்கு நெடுநாள் பழக்கம் உண்டு. ஆங்கிலத்தில் ஒரே எழுத்துகளால் எழுதப்படும் மூன்று தனித்தனிச் சொற்கள் இங்கே ஒன்றாகக் கலந்து நிற்கின்றன. முதலாவது, ஒடுக்கமான நீண்ட மரச்சட்டத்தைக் குறிப்பது. இரண்டாவது, தறியில் ஊடையை, அதாவது குறுக்கிழையை, அடித்து நெருக்கும் சட்டகத்தைக் குறிப்பது. மூன்றாவது, கொழுத்தல் என்னும் வினை. கூரை, கப்பல், விளக்கு ஆகிய மூன்றிலும் வருவது முதல் சொல்லேதான். அது தன் வேலையை மாற்றிக்கொண்டே பல இடங்களுக்குப் போயிருக்கிறது. அந்த முதல் சொல்லுக்குக்கூடத் தமிழில் ஒரே ஈடு கிடையாது என்பதும், அப்படி ஒன்றைத் தேட வேண்டியதில்லை என்பதும் என் உறுதியான கருத்து. ஏன் என்பதைக் கூரையிலிருந்து தொடங்கி விளக்குகிறேன்.

ஓட்டு வீட்டுக்குள் படுத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தவர்களுக்கு இந்தச் சட்டம் நன்றாகத் தெரியும். மோட்டுவளையிலிருந்து சுவரை நோக்கிச் சரிவாகக் கைமரங்கள் இறங்கும். அந்தக் கைமரங்களுக்குக் குறுக்கே, ஒன்றுக்கொன்று இணையாக, மெல்லிய சட்டங்கள் வரிசையாக ஓடும். ஓடுகள் உட்கார்ந்திருப்பது இந்தச் சட்டங்களின்மேல்தான். ஆங்கிலப் பொறியியல் நூல்களில் இதன் பெயர் பேட்டன். தமிழ்நாட்டுத் தச்சர்கள் இதை ‘ரீப்பர்’ என்பார்கள். பழந்தமிழ்ப் பெயர் வரிச்சு அல்லது வரிச்சல். கூரை வேயும்போது குறுக்கே வைத்துக் கட்டும் கழிகளுக்கும் அதே பெயர்தான். இன்று பெயர்களையும் கணக்கையும் அடுக்கிய தாளைக் குறிக்கும் ‘பட்டியல்’ என்ற சொல்லுக்கும் கூரைச் சட்டம் என்ற பொருளைப் பழைய அகராதிகள் தருகின்றன. யாழ்ப்பாணத்தில் ‘சிலாகை’ என்பார்கள். அங்கே பனஞ்சிலாகை போட்ட கூரைகள் ஒரு காலத்தில் ஊர்தோறும் இருந்தன.

இவற்றுள் ‘ரீப்பர்’ என்பதை ஆங்கிலச் சொல் என்றே பலர் நினைக்கிறார்கள். இங்கிலாந்துத் தச்சரிடம் அந்தச் சொல்லைச் சொன்னால் அறுவடை செய்பவர் என்றுதான் அவர் புரிந்துகொள்வார். இந்தியாவில் வாழ்ந்த ஆங்கிலேயர் பயன்படுத்திய சொற்களைத் தொகுத்து 1886ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதி, கூரைக் கைமரங்களுக்குக் குறுக்கே ஓடுகளைத் தாங்கும் மெல்லிய சட்டம் என்ற பொருளில் இதைப் பதிவுசெய்து, இந்தி அகராதிகளில் இது காணப்படவில்லை என்றும் மராத்தியில் ‘ரீப்’ என்ற சொல் இதே பொருளில் உண்டு என்றும் குறிப்பிடுகிறது. ஆகவே நம் தச்சர்களின் ரீப்பர் இந்த மண்ணில் பிறந்த தொழிற்சொல். கூரை தொடர்பான எந்தக் கையேட்டிலும் பேட்டன் என்று வரும் இடத்தில் நான் தயக்கமின்றி ‘ரீப்பர்’ என்றே எழுதுகிறேன். படிப்பவர் கடைக்குப் போய்க் கேட்கப்போகும் சொல் அதுதான்.

ரீப்பர் அடிப்பதில் உள்ள நுட்பத்தை எங்கள் பழைய வீட்டின் கூரையை மாற்றியபோது அருகிலிருந்து பார்த்தேன். மங்களூர் ஓடு என்று நாம் அழைக்கும் ஓட்டை 1865ஆம் ஆண்டில் மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறித்தவச் சமய அமைப்பு தொடங்கிய ஆலை பரப்பியது. அதன் அடிப்புறத்தில் சிறிய மூக்குகள் துருத்திக்கொண்டிருக்கும். அந்த மூக்கு ரீப்பரின் மேல் விளிம்பில் மாட்டிக்கொள்வதால்தான் ஓடு சரிவில் வழுக்கி இறங்குவதில்லை. எனவே ஒரு ரீப்பருக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி ஓட்டின் நீளத்தோடு பொருந்தியாக வேண்டும்; பொதுவாக அது ஓரடிக்குச் சற்றுக் கூடுதலாக, ஏறத்தாழ 32 சென்டிமீட்டராக இருக்கும். ஆனால் எங்கள் தச்சர் அந்த அளவை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. வந்திறங்கிய ஓடுகளில் பத்தை முற்றத்தில் ஒன்றோடொன்று கோத்து வரிசையாக அடுக்கினார். முதலில் எல்லாவற்றையும் நெருக்கித் தள்ளி நீளத்தை அளந்தார். பிறகு கோப்பு விடுபடாத அளவுக்கு இழுத்துவிட்டு மறுபடியும் அளந்தார். இரண்டுக்கும் நடுவான அளவைக் கண்டு, அதற்கேற்ப ஒரு துண்டுக் கட்டையை அறுத்துக் கையில் வைத்துக்கொண்டார். அதன் பிறகு நாள் முழுவதும் அவர் அளவு நாடாவைத் தொடவே இல்லை. ஒவ்வொரு ரீப்பரையும் அந்தக் கட்டையை வைத்துப் பார்த்துத்தான் அடித்தார். சூளையில் ஒவ்வொரு தடவை சுடும்போதும் மண் சற்று வேறுவிதமாகச் சுருங்கும் என்பதால் ஒரு லாரி ஓட்டுக்கும் இன்னொரு லாரி ஓட்டுக்கும் அளவு மாறும் என்று அவர் சொன்னார்.

அதே கூரையில் கடைசி வரிசையான இறவாணத்தில் மட்டும் சற்றுத் தடித்த ரீப்பரை அடித்தார். மற்ற ஓடுகள் எல்லாம் தமக்குக் கீழேயுள்ள ஓட்டின்மேல் சாய்ந்து நிற்கின்றன; கடைசி ஓட்டுக்குக் கீழே வேறு ஓடு கிடையாது. அதைத் தூக்கிப் பிடிக்கக் கூடுதல் உயரம் கொடுக்காவிட்டால் அது மட்டும் தலை தாழ்ந்து, மேல் ஓட்டோடு உள்ள கோப்பு வாய் திறந்து, மழைநீர் உள்ளே வந்துவிடும். இந்தச் சிறு விவரம் அச்சிட்ட கையேடுகள் பலவற்றில் விடுபட்டுப்போவதைப் பார்த்திருக்கிறேன்.

பிரிட்டனில் ஓட்டுக் கூரையில் இதே வேலையைச் செய்யும் சட்டத்துக்கு அளவு வரையறுத்திருக்கிறார்கள். கைமரங்களின் இடைவெளி 450 மில்லிமீட்டர் வரை இருந்தால் 38-க்கு 25 மில்லிமீட்டர் சட்டமும், 600 வரை இருந்தால் 50-க்கு 25 சட்டமும் அங்கே வழக்கம். குளிர்நாட்டுக் கூரைகளில் ஓட்டுக்கு அடியில் ஒரு படலம் விரிப்பதால், அதன்மேல் கசியும் நீர் தேங்காமல் வழிந்தோடுவதற்காகக் கைமரத்தின் போக்கிலேயே இன்னொரு வரிசைச் சட்டமும் அடிப்பார்கள். அதை ‘எதிர்ச்சட்டம்’ என்று சொல்லலாம்.

சொல்லின் பிறப்பைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். சட்டம் என்ற பொருளில் இது 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் நன்கு வழங்கிவந்தது. கோல், தடி எனப் பொருள்படும் பிரெஞ்சுவழிச் சொல்லான ‘பேட்டன்’, அதாவது இசை நடத்துநரும் தொடர் ஓட்டக்காரரும் கையில் பிடிக்கும் கோலின் பெயர், ஆங்கில நாவில் திரிந்து இப்படி ஆனது என்பது ஒரு சாராரின் கருத்து. ‘அடித்தல்’ என்னும் பொருளுள்ள பிரெஞ்சு வினையிலிருந்து வந்த ‘பதான்’ என்ற சொல்லிலிருந்து இது வந்தது என்பது மற்றொரு சாராரின் கருத்து. தமிழில் எழுதும்போது கோலும் சட்டமும் ஒரே எழுத்துகளைப் பெற்றுவிடுவது நமக்கு மட்டும் உரிய சிக்கல். விளையாட்டுச் செய்தியில் வரும் பேட்டன் கோல் என்பதையும், கட்டுமானச் செய்தியில் வரும் பேட்டன் சட்டம் என்பதையும் இடத்தைக் கொண்டே அறிய வேண்டும்.

பழைய பிரிட்டிஷ் மரவணிகத்தில் இந்தச் சொல்லுக்கு அளவு சார்ந்த பொருளும் இருந்தது. இறக்குமதியாகும் ஊசியிலை மரப் பலகைகளில் 11 அங்குல அகலமுள்ளவை ஒரு பெயரும், 9 அங்குலம் உள்ளவை இன்னொரு பெயரும், 7 அங்குலம் உள்ளவை பேட்டன் என்ற பெயரும் பெற்றன. பழைய துறைமுகக் கணக்குகளை மொழிபெயர்ப்பவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும். அங்கே மெல்லிய சட்டம் என்று எழுதினால் பொருள் கெடும். அமெரிக்காவில், பலகைகளைச் செங்குத்தாக அடித்து, இரண்டு பலகைகள் சேரும் இடுக்கின்மேல் ஒரு சட்டத்தை வைத்து மூடும் மரவீட்டுச் சுவர் பரவலாக உண்டு. ஆண்ட்ரூ ஜாக்சன் டௌனிங் என்ற தோட்டக்கலை அறிஞர் 1850ஆம் ஆண்டு வெளியிட்ட நாட்டுப்புற வீடுகள் பற்றிய நூல் வழியாக இந்த முறையை வலியுறுத்தினார். வெயிலிலும் ஈரத்திலும் பலகை சுருங்கி விரியும்போது இடுக்கு அகன்றாலும் சட்டம் அதை மறைத்துக்கொண்டிருக்கும் என்பதுதான் இதன் பயன்.

மரம் சுருங்கி விரிவதைப் பற்றிப் பேசும்போது மேசைப் பலகையின் அடியில் அடிக்கும் சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். பல பலகைகளை ஒட்டிச் செய்த மேசையின் மேற்பரப்பு வளைந்து போகாமலிருக்க அடியில் குறுக்காக ஒரு சட்டத்தைத் திருகாணியால் முடுக்குவார்கள். பலகை தன் நார்களின் நீளவாக்கில் ஏறக்குறைய மாறாமல் இருக்கும். அகலவாக்கில் மட்டும் பருவத்துக்குப் பருவம் கூடிக் குறையும். குறுக்குச் சட்டத்தை எல்லா இடத்திலும் இறுக்கமாக முடுக்கிவிட்டால், சுருங்க வழியில்லாத பலகை நடுவில் பிளந்துகொள்ளும். ஆகையால் தொழில் தெரிந்த தச்சர் நடுத் திருகாணியை மட்டும் இறுக்கிவிட்டு, இரு ஓரங்களிலும் துளையை நீளவாக்கில் அகற்றி, ஆணி சற்று நகர இடம் விடுவார். சட்டத்தின் வேலை பலகையைத் தட்டையாக வைத்திருப்பது மட்டுமே. அதன் அசைவை நிறுத்துவது அதன் வேலையன்று.

இனி கப்பலுக்கு வருகிறேன். மரக்கப்பல் காலத்திலிருந்து 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, சரக்கு அறையின் வாய் மேல்தளத்தில் ஒரு பெரிய சதுரத் திறப்பாக இருந்தது. அதைச் சுற்றி முழங்கால் உயரத்துக்கோ அதற்கு மேலோ ஒரு விளிம்புச் சுவர் நிற்கும். திறப்பின்மேல் பலகைகளை அடுக்கி, அவற்றின்மேல் தார்ப்பாயை ஒன்றுக்கு இரண்டாக விரித்து, அதன் ஓரங்களை விளிம்புச் சுவரின் பக்கவாட்டில் மடித்துவிடுவார்கள். மடித்த ஓரத்தின்மேல் ஒரு நீண்ட தட்டைச் சட்டத்தை வைப்பார்கள். விளிம்புச் சுவரில் வரிசையாகப் பொருத்தப்பட்ட கொக்கிகளுக்குள் அந்தச் சட்டத்தைச் செருகி, இடுக்கில் மர ஆப்புகளை அடித்து இறுக்கும்போது, தார்ப்பாய் அசைய முடியாமல் சுவரோடு ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். அலை தளத்தின்மேல் ஏறி அடித்தாலும் நீர் சரக்கறைக்குள் இறங்காது. இதைச் செய்வதுதான் ‘பேட்டன் டவுன்’. இந்தத் தொடர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாலுமிகளின் எழுத்தில் வருகிறது. பிற்காலத்தில் எஃகு மூடிகள் வந்து சட்டமும் ஆப்பும் மறைந்துவிட்டாலும், வரப்போகும் துன்பத்துக்கு முன்கூட்டியே எல்லாவற்றையும் இறுக்கிக்கொள்ளுதல் என்ற பொருளில் தொடர் மட்டும் நிலைத்துவிட்டது.

தார்ப்பாய் என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல ஆசைப்படுகிறேன். அது ‘டார்பாலின்’ என்ற ஆங்கிலச் சொல்லின் தமிழ் உருவம். தார் பூசிய பாய் என்று தமிழிலேயே பொருள் சொல்லும் அளவுக்கு அது நம் மொழியில் இயல்பாக அமர்ந்துவிட்டது. கடன் வாங்கிய சொல் இப்படி வேர் பிடிப்பதைக் காண மனத்துக்கு நிறைவாக இருக்கிறது.

மேற்சொன்ன தொடரைத் தமிழாக்கும்போது இடம் பார்க்க வேண்டும். கதையில் உண்மையாகவே கப்பலும் புயலும் இருந்தால், ‘சரக்கறை வாய்களை மூடி ஆப்படித்து இறுக்கினார்கள்’ என்று செயலையே எழுதிவிடலாம். ஒரு நிறுவனம் வரப்போகும் நெருக்கடிக்கு ஆயத்தமாகிறது என்ற செய்தியில் இதே தொடர் வந்தால், கப்பலை அங்கே இழுத்துவரத் தேவையில்லை. ‘வெள்ளம் வருமுன் அணை போடுவது’ என்ற நம் வழக்கு அதைவிடத் தெளிவாகப் பேசும்.

கப்பலின் பாயிலும் பேட்டன் உண்டு. காற்றில் பாயின் பின்விளிம்பு படபடவென்று அடித்துக்கொண்டால் விசை வீணாகும், துணியும் கிழியும். அதைத் தடுக்கப் பாயில் நீண்ட பைகள் தைத்து, அவற்றுள் மரம் அல்லது கண்ணாடி இழையாலான நெகிழ்சட்டங்களைச் செருகுவார்கள். சீனர்கள் இதை இன்னும் முழுமையாகச் செய்தார்கள். அவர்களுடைய ஜங்க் கப்பலின் பாயில், ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை மூங்கில் சட்டங்கள் குறுக்கே ஓடிப் பாயைப் பல கட்டங்களாகப் பிரிக்கும். காற்று மிகும்போது கயிற்றைத் தளர்த்தினால், கட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக மடிந்து இறங்கும். ஒரு கட்டம் கிழிந்தாலும் மற்றவை வேலை செய்துகொண்டிருக்கும். ஒருவரே கையாளத்தக்க பாய் இதுதான் என்று உணர்ந்த ஹாஸ்லர் என்ற ஆங்கிலேயர், ‘ஜெஸ்டர்’ என்னும் தம் சிறு படகில் இந்த முறையைப் பொருத்தி, 1960ஆம் ஆண்டு நடந்த அட்லாண்டிக் தனியாள் பந்தயத்தில் 48 நாட்களில் கடலைக் கடந்து இரண்டாமிடம் பெற்றார்.

கப்பல் கட்டும் இடத்தில் இதே பெயர் கொண்ட சட்டம் வரைகருவியாகவும் பயன்பட்டது. என்னைப் பொறுத்தவரை இந்தச் சொல்லின் வரலாற்றிலேயே மிக அழகான பகுதி இதுதான். கப்பலின் உடல்வளைவுகளைப் பெரிய கூடத்தின் தரையில் முழு அளவில் வரைவார்கள். அவ்வளவு பெரிய வளைவைக் கையால் இழுக்க முடியாது. அதற்காக, முடிச்சில்லாத நேரான மரத்தில் அறுத்த நீண்ட மெல்லிய சட்டத்தை, வளைவு கடந்துசெல்ல வேண்டிய புள்ளிகளில் ஈயக் கட்டிகளால் அழுத்தி நிறுத்துவார்கள். அந்த ஈயக் கட்டிகளின் வடிவம் காரணமாக அவற்றுக்கு ‘வாத்து’ என்றும் ‘திமிங்கலம்’ என்றும் பெயர். இரண்டு கட்டிகளுக்கு இடையில் மரம் தன்னியல்பாக எந்த வளைவை எடுத்துக்கொள்கிறதோ, அதுவே மிகவும் சீரான, திடீர்த் திருப்பம் இல்லாத வளைவாக இருக்கும். ஏனென்றால் வளைவதற்குக் குறைந்த ஆற்றலே தேவைப்படும் வடிவத்தை மரம் நாடுகிறது. ஒரு புள்ளி தவறான இடத்தில் இருந்தால் சட்டம் அங்கே புடைத்தோ குழிந்தோ காட்டிக்கொடுத்துவிடும். இந்த நெகிழ்சட்டத்துக்கு ‘ஸ்பிளைன்’ என்றும் ஒரு பெயர் உண்டு. 1946ஆம் ஆண்டு ஐசக் ஷோன்பெர்க் என்ற கணித அறிஞர், இப்படித் துண்டு துண்டாக இணைந்து சீராக ஓடும் வளைவுகளுக்கு அந்தப் பெயரையே சூட்டினார். இன்று கார்களின் உடலும் திரையில் நாம் படிக்கும் எழுத்துருக்களின் வளைவுகளும் அந்தக் கணிதக் குடும்பத்தைக் கொண்டே வரையப்படுகின்றன.

மின்வேலையில் இந்தச் சொல் எப்படி வந்து சேர்ந்தது என்பதைப் பலரும் கேட்டிருக்கிறார்கள்; விடை பழைய வீடுகளின் சுவரில் இருக்கிறது. குழாய்க்குள் கம்பி இழுக்கும் வழக்கம் பரவுவதற்கு முன், சுவரிலும் உத்தரத்திலும் தேக்குமரச் சட்டங்களை அடித்து, அவற்றின்மேல் ரப்பர் உறையிட்ட கம்பிகளை ஓட்டினார்கள். சட்டத்தில் சிறு பித்தளை ஆணிகளால் தகரக் கிளிப்புகளை முன்கூட்டியே அடித்து வைத்து, கம்பியை மேலே படுக்கவைத்து, கிளிப்பின் நாக்கை மடக்கி மாட்டிவிடுவார்கள். கிடையாக ஓடும் இடத்தில் 10 சென்டிமீட்டருக்கு ஒன்று, செங்குத்தாக ஓடும் இடத்தில் 15 சென்டிமீட்டருக்கு ஒன்று என்று கிளிப்புகளுக்குக் கணக்கு உண்டு. பழைய பள்ளிக்கூடங்களிலும் அரசுக் குடியிருப்புகளிலும் சுண்ணாம்பு பூசிப் பூசி வெளுத்துப்போன இந்தச் சட்டங்களை இன்றும் காணலாம். இதற்குப் பேட்டன் ஒயரிங் என்று பெயர். எங்கே பழுது என்று கண்ணாலேயே கண்டுபிடிக்க முடிந்த முறை அது. ஆனால் ஈரமும் வெயிலும் பட்டால் தாங்காது, தீப்பிடிக்கும் வாய்ப்பும் இருந்தது. அந்த முறை போய்விட்ட பிறகும் பேட்டன் ஹோல்டர் என்ற பெயர் கடையில் நிலைத்திருக்கிறது. கம்பியில் தொங்கும் பெண்டன்ட் ஹோல்டரிலிருந்தும் சாய்ந்து நிற்கும் ஆங்கிள் ஹோல்டரிலிருந்தும் வேறுபடுத்தி, கூரையிலோ சுவரிலோ பதித்து முடுக்கும் ஹோல்டருக்கு அந்தப் பெயர்.

குழல்விளக்கு வந்தபோது, மூடியோ அலங்காரமோ இல்லாமல் ஒரு நீண்ட தகரப் பட்டையின்மேல் சோக்கையும் ஸ்டார்ட்டரையும் குழலையும் பொருத்திய அமைப்பு, அதன் நீண்ட ஒடுக்கமான வடிவத்தால் பேட்டன் எனப்பட்டது. அதன் வழியில் வந்ததுதான் எல்இடி பேட்டன். வாங்குபவர்கள் இதையும் எல்இடி டியூபையும் ஒன்றென நினைத்து ஏமாறுவது உண்டு என்பதால் வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எல்இடி டியூப் என்பது பழைய பட்டையின் இரு முனைகளிலும் செருகும் குழல். பெரும்பாலான வகைகளில் அதைப் பொருத்துவதற்கு முன் பழைய சோக்கின் இணைப்பை நீக்க மின்பணியாளர் தேவைப்படுவார். எல்இடி பேட்டன் என்பது பட்டை, ஒளிரும் பகுதி, மின்னோட்டத்தை மாற்றித் தரும் டிரைவர் ஆகிய மூன்றும் ஒன்றாகச் சேர்ந்த முழு விளக்கு. பழைய பட்டையையே கழற்றிவிட்டு, வீட்டு இணைப்பை நேரடியாகக் கொடுத்தால் போதும். முன்னது பழுதானால் குழலை மட்டும் மாற்றலாம். பின்னது பழுதானால் பெரும்பாலும் முழுவதையும் மாற்ற வேண்டியிருக்கும். தமிழ்க் கையேட்டில் இதைப் ‘பட்டை விளக்கு’ என்று எழுதிப் பார்த்தேன். கடைக்காரர், மின்பணியாளர், வீட்டுக்காரர் மூவருமே பேட்டன் என்றுதான் சொல்கிறார்கள் என்பதால், இப்போது அதையே எழுதுகிறேன்.

நாடக மேடையிலும் விளக்கோடு தொடர்புடைய ஒரு பேட்டன் இருக்கிறது. மேடைக்கு மேலே குறுக்காகத் தொங்கும், ஏற்றி இறக்கக்கூடிய நீண்ட குழாய் அது. முன்பு மரச்சட்டமாக இருந்தது, இப்போது எஃகுக் குழாய். காட்சித் திரைகளையும் விளக்குகளையும் அதில் கட்டுவார்கள். பிரிட்டிஷ் வழக்கில், மேலே வரிசையாக எரியும் விளக்குத் தொடருக்கும் அதே பெயர். தீட்டிய படுதா சுருங்காமல் தொங்குவதற்காக அதன் மேல்முனையிலும் கீழ்முனையிலும் கோக்கும் கட்டையும் இதே வகையைச் சேர்ந்ததுதான்.

எஃகுக் கட்டுமானத்தில் பேட்டன் என்றால் மரத்தோடு எந்தத் தொடர்பும் இல்லை. ‘ப’ வடிவ எஃகுச் சட்டங்களான சேனல்கள் இரண்டை இடைவெளிவிட்டு நிறுத்தி ஒரே தூணாக வேலை செய்ய வைக்க, அவற்றுக்குக் குறுக்கே ஏணிப் படிகளைப் போலத் தகடுகளைப் பற்றவைப்பார்கள். அந்தத் தகடுதான் பேட்டன். சாய்வாகப் பின்னும் இணைப்பைவிட இது செய்ய எளிது, ஆனால் விறைப்பு குறைவு. அதனால்தான் 2007ஆம் ஆண்டின் இந்தியத் தரநிலையான ஐஎஸ் 800, பின்னல் தூணின் மெலிவு விகிதத்தை, அதாவது தூண் தன் நீளத்துக்கு எவ்வளவு மெலிந்தது என்பதைக் காட்டும் எண்ணை, 5 விழுக்காடு கூட்டிக் கணக்கிடச் சொல்லும்போது, தகடு இணைத்த தூணுக்கு 10 விழுக்காடு கூட்டச் சொல்கிறது. இங்கே ரீப்பர் என்றோ சட்டம் என்றோ எழுதினால் பொறியியல் மாணவர் குழம்பிப்போவார். ‘இணைப்புத் தகடு’ என்பதே பொருந்தும்.

தறிக்குரிய இரண்டாவது சொல் வேறு. ‘அடித்தல்’ என்னும் பிரெஞ்சு வினையிலிருந்து, ‘அடிப்பது’ என்ற பொருளில் இது வந்தது. இதில் கருத்து வேறுபாடு இல்லை. நீளவாக்கில் ஓடும் பாவு இழைகளுக்கு நடுவே, நூலைச் சுமந்து செல்லும் கட்டையான நாடா ஓடி ஊடையைப் போட்டதும், சீப்பு போன்ற அச்சைத் தாங்கிய சட்டகத்தை நெசவாளர் தம் பக்கம் இழுத்து அடிக்கிறார். ஊடை முன்னிழையோடு நெருங்கித் துணியாகிறது. கைத்தறி ஓடும் தெருவில் நடந்தால் கேட்கும் சீரான ஒலியில் பெரும்பங்கு இந்த அடிதான். இங்கிலாந்தின் பரி ஊரைச் சேர்ந்த ஜான் கே 1733ஆம் ஆண்டு காப்புரிமை பெற்ற பறக்கும் நாடா, இந்தச் சட்டகத்தின் இரு முனைகளிலும் பெட்டி வைத்து, கயிற்றை வெட்டி இழுத்ததும் நாடா ஒரு பெட்டியிலிருந்து மறு பெட்டிக்குப் பாயும்படி செய்தது. கை எட்டும் அகலம் என்ற எல்லை அத்தோடு நீங்கியது. அகலமான துணிக்கு இரண்டு ஆள் தேவைப்பட்ட நிலையும் மாறியது.

மூன்றாவதாக வரும் வினைச்சொல் வடக்கு ஐரோப்பிய மொழியிலிருந்து வந்தது. பழைய நார்ஸ் மொழியில் ‘பத்னா’ என்றால் தேறுதல், நலமடைதல்; ஆங்கிலத்தில் ‘இன்னும் நல்ல’ என்று பொருள்படும் ‘பெட்டர்’ இதன் உறவுச் சொல். கால்நடை நல்ல மேய்ச்சலில் தேறிக் கொழுப்பதைக் குறித்த இது, மெல்ல அளவுமீறித் தின்று கொழுப்பதைக் குறிக்கலாயிற்று. ஷேக்ஸ்பியரின் நாடகத்தில் ஹாம்லெட் தன் தாயைக் கடிந்துகொள்ளும்போது, அழகிய மலையில் மேய்வதை விட்டுவிட்டு இந்தப் பொட்டல்வெளியில் கொழுக்கப் போனாயே என்ற கருத்தில் இந்தச் சொல்லைத்தான் கையாள்கிறான். இன்று இது பெரும்பாலும் பிறரைச் சுரண்டி வாழ்வோரைப் பற்றியே வருகிறது. ‘ஏழைகளின் வயிற்றில் அடித்துக் கொழுக்கிறார்கள்’ என்று நாம் சொல்வதில் அதே சினமும் அதே வெறுப்பும் இருக்கின்றன. ஆகவே இந்த வினைக்கு மட்டும் தமிழில் ‘கொழுத்தல்’ என்ற ஈடு எந்த இடத்திலும் குறையின்றிப் பொருந்துகிறது.

கடைசியாக, ஆட்பெயர். 1936ஆம் ஆண்டு இங்கிலாந்திலிருந்து நியூசிலாந்துக்குத் தனியாக விமானம் ஓட்டிச் சென்ற ஜீன் பேட்டன் என்ற பெண்மணியின் பெயரிலும், குழந்தைகளின் பார்வையையும் மூளையையும் படிப்படியாகப் பாதிக்கும் பேட்டன் நோயின் பெயரிலும் வருவது குடும்பப்பெயர். அந்த நோயை 1903ஆம் ஆண்டு விவரித்த பிரிட்டிஷ் மருத்துவர் பிரெடெரிக் பேட்டனின் பெயரையே அதற்கு வைத்தார்கள். மருத்துவக் குறிப்பு ஒன்றின் முதல் வரைவில் அந்த நோயின் பெயரைச் சட்டத்தோடு தொடர்புபடுத்தி மொழிபெயர்த்திருந்ததைத் திருத்த நேர்ந்திருக்கிறது. தம் குழந்தைக்கு வந்த நோயின் பெயரை ஒரு தாயோ தந்தையோ தமிழில் தேடும்போது, மருத்துவர் வாய்விட்டுச் சொன்ன அதே ஒலி அவர்கள் கண்ணில் பட வேண்டும். அங்கே பேட்டன் என்பதைப் பேட்டன் என்றுதான் எழுத வேண்டும்.